மஞ்சள் அறையில் நாலு நாள்

எனக்கு நிறம் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு விதை போட்டதும் நான், தண்ணீர் ஊற்றி வளர்த்ததும் நான். சரவணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் அங்கே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் படகேறி நெடுந்தீவுக்கு வந்துவிடுவேன். அம்மாவும் ஐயாவும் காலமான பிறகு ஊர் வீட்டில் தங்கச்சிதான் இருக்கிறாள். அவளுடைய கணவர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். எனக்கும் தங்கச்சிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் சொன்னதுதான் வேதவாக்கு. "அக்கா சொன்னால் சரி" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும். அதைக் கேட்க எனக்கும் பிடிக்கும், மறைக்க என்ன இருக்கிறது.

அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம். முருகைக்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய பழைய வீடு. இத்தனை காலமும் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கண்டதில்லை. தங்கச்சியின் கணவர் கட்டாரிலிருந்து போனிலேயே நிறங்களைத் தெரிவு செய்து அனுப்பினார். ஹோலுக்கு வெள்ளை, பிள்ளை வளரப்போகும் அறைக்கு மெல்லிய மஞ்சள். ஊரிலேயே ஒருவரைப் பிடித்து வேலையை முடித்தோம்.

முடிந்த அன்று காலை கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டினேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடு என்பது போனின் அகலம்தான். அந்த அகலத்துக்குள் ஒரு குறை பிடித்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும்.

"அக்கா, ஹோலுக்கு நான் வெள்ளையெல்லோ சொன்னனான்? இது ரோஸ் நிறமாக் கிடக்கு. அந்தாள் எங்கையோ மிஞ்சின பெயின்ற்றைக் கலந்து அடிச்சுப்போட்டுது."

போனைக் கீழே இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். உண்மையாகவே சுவரின் கீழ்ப்பாதி ரோஸ் நிறமாகத்தான் இருந்தது. பெயின்ற் அடித்தவர் முற்றத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"என்ரை பிள்ளையள் அறிய நான் ஒண்டும் கலக்கேல்லை ரீச்சர். வாளி அங்கை கிடக்கு, போய்ப் பாருங்கோ."

வாளிக்குள் சுத்த வெள்ளை. திரும்பி வந்து ஹோலின் நடுவில் நின்றேன். வாசற்கதவு திறந்திருந்தது. காலை வெயில் நேரே உள்ளே வந்து நிலத்தில் விழுந்து கிடந்தது. எங்கள் வீட்டு நிலம் சிவப்புச் சீமெந்து, தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் என்ற அளவுக்கு மினுங்கும். அப்போதுதான் பிடிபட்டது. அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டில்விரிப்பை எடுத்துவந்து வெயில் விழுந்த இடத்தில் விரித்தேன். சுவர் வெள்ளையாகிவிட்டது. விரிப்பைச் சுருட்டினேன், மறுபடி ரோஸ். தங்கச்சி கைகொட்டிச் சிரித்தாள். பெயின்ற் அடித்தவர் தானே இரண்டு தரம் விரித்துச் சுருட்டிப் பார்த்து நிம்மதியானார்.

விஷயம் பெரிதல்ல. வெளிச்சம் ஒரு பொருளில் பட்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. அந்தப் பொருளின் நிறத்தில் கொஞ்சத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதிலும் போய்ப் பூசும். மஞ்சள் அறையிலும் இதேதான் நடந்தது. கடைக்காரரின் நிற அட்டையில் சந்தனம் மாதிரி இருந்த நிறம், நாலு சுவரிலும் அடித்ததும் பழுத்த மாம்பழம் ஆகிவிட்டது. இந்தச் சுவரின் மஞ்சள் அந்தச் சுவருக்குப் போக, அந்தச் சுவர் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. அந்த அறைக்குள் போனால் என் வெள்ளைச் சேலையும் நெய் பட்ட மாதிரித் தெரியும்.

அன்றிலிருந்து ஊரில் நிறத்துக்கு நான்தான் நீதவான். பக்கத்து வளவு மாமி சட்டைத்துணி வாங்கினாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டி, "இது உண்மையிலை என்ன நிறம் பிள்ளை?" என்று கேட்பா. நானும் துணியைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தீர்ப்புச் சொல்லுவேன். என்னுடைய தலைக்கனத்துக்கு அந்த வருடம் நல்ல விளைச்சல்.

பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூட நின்றேன். இரண்டாம் நாளே ரிக்கற் வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். புறப்படும்போது தாதி ஒருவர், "உடம்பு மஞ்சளாத் தெரிஞ்சால், பால் குடிக்காமல் படுத்தால், உடனை கொண்டுவரவேணும்" என்று சொன்னா. ஓம் ஓம் என்று தலையாட்டியவள் நான். தங்கச்சி பிள்ளையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகில் வந்து, வீட்டு மஞ்சள் அறையில் தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்தோம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை துடக்கு, தீட்டு. அதுவரை பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோவதில்லை. பச்சை உடம்புக்காரியும் காற்றுப் படாமல் அறைக்குள் இருக்கவேண்டும். மாமி வந்ததும் முதல் வேலையாக யன்னலைச் சாத்தினா. நான் போய்த் திறந்தேன். "பிள்ளைக்குக் காத்தும் வெளிச்சமும் வேணும் மாமி. அது அந்தக் காலம்" என்றேன். மாமி முணுமுணுத்துக்கொண்டு பத்தியச் சரக்கு அரைக்கப் போய்விட்டா. மாரிகாலம், ஆனால் அந்த மூன்று நாளும் மழை விட்டு நல்ல வெயில். யன்னலால் வந்த வெயில் எதிர்ச் சுவரில் பட்டு, அறை முழுவதும் மஞ்சளை வாரிக் கொட்டியது. கட்டில் அந்தச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

வந்த மறுநாள் பிள்ளை பார்க்க வந்த மாமி குனிந்து பார்த்தா. நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"பிள்ளை மஞ்சளாக் கிடக்கு. செங்கண்மாரியோ தெரியாது."

மஞ்சள் காமாலையாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "உங்கடை கையைப் பாருங்கோ மாமி" என்று அவவின் கையைப் பிடித்துக் கட்டிலருகே நீட்டினேன். அதுவும் மஞ்சள். பிள்ளைக்குச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டினேன். அதுவும் மஞ்சள். "அப்ப உங்களுக்கும் செங்கண்மாரி, துணிக்கும் செங்கண்மாரி" என்றேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. தங்கச்சியும் சிரித்தாள். பிறகு, மாமி போன பிறகு, பிள்ளையின் காலைத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்து என்னிடம் காட்டினாள்.

"உள்ளங்காலும் மஞ்சளாக் கிடக்கு அக்கா."

"காலுக்கு மட்டும் வேறை சுவரே? விடு, அவன் நித்திரை கொள்ளட்டும்."

அவன் நன்றாகத்தான் நித்திரை கொண்டான். பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடுவான். அழுகையே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளை, தாயை வருத்தாத பிள்ளை என்று மெச்சினார்கள். நானும் மெச்சினேன். தாதி சொன்ன இரண்டாவது விஷயம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. முதலாவதுக்கு நான் விடை கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

மூன்றாம் நாள் காலை நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்கதவால் தங்கச்சி உள்ளே வந்தாள். தோளில் துவாயால் மூடிய பிள்ளை. அவளுடைய காலில் கிணற்றடி ஈரம், சிவப்பு நிலத்தில் அடி அடியாகப் பதிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"உனக்கென்ன விசரே? பச்சை உடம்போடை பனிக்குள்ளை திரியிறாய். முப்பத்தொண்டு கழியாமல் பிள்ளையை வெளியிலை கொண்டுபோறதே?"

இரண்டு நாளைக்கு முந்தி மாமியிடம் "அது அந்தக் காலம்" என்று சொன்ன அதே வாய். தங்கச்சி கதவடியில் நின்றாள்.

"அக்கா, பிள்ளை மஞ்சளாத்தான் இருக்கிறான் போலை கிடக்கு."

"சுவரடி! எத்தினை தரம் சொல்லுறது உனக்கு? போய்ப் படு."

"ஓம் அக்கா" என்றாள். அறைக்குள் போய்விட்டாள். நான் மீனைக் கழுவினேன்.

நாலாம் நாள் விடியவே மழை பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. முந்தின இரவு தோய்த்த துணியெல்லாம் காயாமல் கிடந்தன. பிள்ளைத்துணி குறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மஞ்சள் அறைக்குள் யன்னல் கம்பியிலிருந்து கதவு நிலைக்குக் கயிறு கட்டினேன். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை மறைத்தபடி அந்த வெள்ளைக் கட்டில்விரிப்பைப் போட்டேன், அன்று ஹோலில் விரித்துக் காட்டிய அதே விரிப்பு. அதன் இரண்டு பக்கமும் பிள்ளைத்துணிகள். யன்னலால் மழைவெளிச்சம் வந்து விரிப்பில் பட்டது. அறையின் அந்த மூலை வெள்ளையாகிவிட்டது.

கயிற்றில் கடைசித் துணியைப் போட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன். என் கை என் நிறத்தில் இருந்தது. தங்கச்சியின் முகம் அவள் நிறத்தில் இருந்தது. தலையணை வெள்ளை. குனிந்து பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை மஞ்சள்.

 விரிப்பை விலக்கிப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கண்ணிமையை மெல்ல நீக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். கன்னத்தில் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அவன் வாயை ஒருதரம் கோணிவிட்டுப் பேசாமல் கிடந்தான். ஒரு வெள்ளைத்துணியைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஹோல் சுவருக்காக நான் அதைச் செய்தேன், கட்டாரில் இருப்பவருக்கும் ஊரில் இருப்பவருக்கும் வித்தை காட்டினேன். பிள்ளைக்காகச் செய்யத் தோன்றவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று இருந்துவிட்டேன்.

"வெளிக்கிடு" என்றேன். தங்கச்சி ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைக்கான பை கட்டிலின் கீழே கட்டியபடி தயாராக இருந்தது. அதையும் அப்போது நான் யோசிக்கவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தவர் வயது குறைந்த டொக்டர். பிள்ளையைக் கதவடிக்கு, வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோனார். நெற்றித் தோலைப் பெருவிரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார், பிறகு நெஞ்சு, வயிறு, உள்ளங்கால்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"இண்டைக்குத்தான் டொக்டர் கவனிச்சனாங்கள்" என்றேன் நான்.

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டொக்டர் போனை எடுத்தார். பின்னேரப் படகு கடல் சரியில்லை என்று நிற்பாட்டுவதாக இருந்ததாம். அவர் கதைத்த பிறகு, எங்களை ஏற்றிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார்கள்.

படகின் மேலே மழைக்கு மறைப்பாக நீலப் படங்கு கட்டியிருந்தார்கள். மழைவெளிச்சம் அதற்குள்ளால் இறங்கி எல்லாருடைய முகத்திலும் நீலமாக விழுந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். பச்சையாகத் தெரிந்தது. தங்கச்சியின் உதடு ஊதாவாகத் தெரிந்தது. இது படங்கின் நிறம், இது பிள்ளையின் நிறம் என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் கண் சொன்னதை நான் நம்பவில்லை. விரலை அவன் மூக்கடியில் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். அலையில் படகு எழும்பி விழும்போதெல்லாம் அந்த மூச்சு விரலில் தட்டுப்படாமல் போகும். அப்போதெல்லாம் நயினாதீவு அம்மனை உரத்துக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது.

யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் குதியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிறகு சட்டை கழற்றி, கண்ணை ஒரு துணியால் கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே கிடத்தினார்கள். சுவர், தாதியின் வெள்ளை உடுப்பு, தங்கச்சியின் கை எல்லாம் நீலம். அந்த வெளிச்சம்தான் மருந்து, தோலுக்குள் இருக்கும் மஞ்சளை அதுவே கரைத்து அனுப்பிவிடும் என்றார்கள். நான் விடவில்லை. மறுநாள் தாதியிடம், "மஞ்சள் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு, இல்லையோ மிஸ்?" என்று கேட்டேன்.

"இந்த வெளிச்சத்துக்குள்ளை நிறம் பாக்க ஏலாது அம்மா" என்றா தாதி. "நாங்களே கண்ணாலை பாத்துச் சொல்லமாட்டம். இரத்தம்தான் சொல்லும்."

அந்தத் தாதிக்கு என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும். நான் போய் வாங்கில் உட்கார்ந்தேன்.

இரத்தம் மாற்றவேண்டி வருமோ என்று இரண்டு நாள் பயந்திருந்தோம். மூன்றாம் நாள் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. ஒரு கிழமையில் பிள்ளை வீறிட்டு அழப் பழகினான். அப்படி ஓர் இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. ஆனால் ரிக்கற் வெட்டும்போது பெரிய டொக்டர் ஒரு விஷயம் சொன்னார். இவ்வளவு கூடிய மஞ்சள் சில பிள்ளைகளின் காதைப் பாதிக்குமாம். சில மாதம் போனதும் கொண்டுவந்து காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார், குற்றம் சொல்லும் குரலில் அல்ல.

ஊருக்கு வந்த முதல் வேலையாக அந்த அறைக்கு வெள்ளை அடித்தேன். தங்கச்சி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. பழைய ஆளைக் கூப்பிடவும் வெட்கமாக இருந்தது. நானே தூரிகை பிடித்தேன். மூன்று பூச்சுப் பூசியும் மூலைகளில் மஞ்சள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகு வந்த மாதங்களில் வெள்ளிக்கிழமை தோறும் படகால் இறங்கியதும் நேரே பிள்ளையிடம் போவேன். அவனுக்குப் பின்னால் நின்று கைதட்டுவேன், சட்டி மூடியைக் கீழே போடுவேன். சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்பமாட்டான். திரும்பாத நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. தங்கச்சி என்னைப் போல எதுவும் செய்யவில்லை. அவன் காதோடு கதைத்துக்கொண்டே இருந்தாள், காலையில் என்ன கறி, கடல் எப்படி, அப்பா எப்போது வருவார் என்றெல்லாம்.

மாமி மட்டும் ஒரு நாள் ஒரு சேலையோடு வந்தா. "இது உண்மையிலை என்ன நிறம் பிள்ளை?"

"எனக்குத் தெரியாது மாமி. முத்தத்துக்குக் கொண்டுபோய் நீங்களே பாருங்கோ" என்றேன். மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனா.

காது பார்க்கும் நாள் வந்தது. நாங்கள் மூவரும் போனோம். ஓர் அறைக்குள் வைத்து என்னென்னவோ சத்தம் போட்டுப் பார்த்தார்கள், காதுக்குள் எதையோ வைத்தும் பார்த்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதித் தந்தார்கள். நான் அந்தக் கடுதாசியை மடித்து, விரித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தேன். குறிகட்டுவானில் படகேறும்வரை எனக்கு வாய் ஓயவில்லை, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

படகு புறப்பட்டது. கடல் அன்று குளம் மாதிரிக் கிடந்தது. பிள்ளை என் மடியில் இருந்து, நீலப் படங்கில் ஆடும் வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சி கடலைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். காது கேக்குதெண்டு தெரிஞ்சாப் பிறகு சொல்லுவமெண்டு இருந்தனான்."

"என்ன?"

"அண்டைக்கு நீங்கள் மீன் வெட்டேக்கை, நான் பிள்ளையை வெயிலுக்கை பாக்கத்தான் கிணத்தடிக்குக் கொண்டுபோனனான். துணியைக் கழட்டிப் பாத்தனான். மஞ்சளாத்தான் இருந்தவன். நல்லா மஞ்சளா."

எனக்கு அந்த ஈரக் காலடிகள் நினைவுக்கு வந்தன. கட்டிலின் கீழே கட்டியிருந்த பையும் நினைவுக்கு வந்தது. ஒரு முழு நாள். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்ன அதே நாள்.

"பாத்தனியெண்டால், ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான் அக்கா. ரெண்டு தரம் சொன்னனான்." அவளுடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்கள் சுவர் எண்டு சொன்னியள். பிறகு அறைக்குள்ளை போய் அவனைக் கிடத்திப்போட்டுப் பாத்தன். எனக்கும் அது சுவராத்தான் தெரிஞ்சுது."

 பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன்.